"கிராபிக்ஸ் கார்டு போச்சு" என்றதும் பர்ஸைத் திறக்காதே! – அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, லேப்டாப் திரையில் கோடு கோடாக வருகிறது, வீடியோ ஓடும்போது சட்டென்று கறுத்துப்போகிறது, கடையில் காட்டினால் "கிராபிக்ஸ் கார்டு போச்சு" என்கிறார்கள், இனி என்ன செய்ய என்று கேட்டாய். நம் மேல்மலையனூர் பக்கம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் வயதான லேப்டாப்தான். அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்தது, சித்தப்பா சென்னையில் ஆறு வருஷம் ஓட்டிவிட்டுத் தந்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்று எதுவானாலும் இந்தத் தொல்லை ஒருநாள் வரும். அதனால் எல்லோருக்கும் பயன்படும்படி விவரமாகவே எழுதுகிறேன்.

கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் ஒரே நாளில் சாகாது. முதலில் எப்போதாவது ஒரு கோடு, பிறகு தினம் ஒரு தடவை கறுப்புத் திரை, கடைசியில் ஆன் ஆனாலும் படம் வராத நிலை என்று போகும். இடையில் கிடைக்கிற அந்த நாட்கள்தான் உன் கையில் இருக்கிற பெரிய சொத்து. அவற்றை எந்த வேலைக்கு முதலில் செலவழிக்கிறாய் என்பதில்தான் காசும் ஃபைலும் மிஞ்சுவது இருக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாதே.

1. ரிப்பேருக்கு முன்னால் ஃபைல்கள்

திரை இன்று தெரிகிறதா? அப்படியென்றால் இன்றே காப்பி எடு. மார்க் ஷீட் ஸ்கேன், சாதிச் சான்றிதழ், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் பிடிஎஃப், ப்ராஜெக்ட், கல்யாண போட்டோ என்று திரும்பக் கிடைக்காதவை முதலில். பாட்டும் படமும் கடைசியில். பென் டிரைவில் ஒரு காப்பி, கூகுள் டிரைவில் ஒரு காப்பி வை.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் பிட்லாக்கர். சில விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பின்னால் சேஃப் மோடுக்குப் போனாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டாலோ 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். போனில் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண்ணை இப்போதே நோட்டில் எழுதி வை.

திரை ஏற்கனவே முழுக்கப் போயிருந்தாலும் பயப்படாதே. கிராபிக்ஸ் சிப் போனால் டிஸ்க் போனதாக அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ கழற்றி, அதற்கேற்ற யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு லேப்டாப்பில் செருகினால் எல்லாம் அப்படியே இருக்கும். டிஸ்க் மதர்போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும் சில மெல்லிய மாடல்களில் மட்டும் இது நடக்காது.

2. உன் லேப்டாப்பில் தனி கார்டு இருக்கிறதா?

கடைக்காரர் என்ன சொன்னாலும் முதலில் இதைப் பார்த்துவிடு. ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திற. அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தை விரி. இன்டெல் என்று ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தனி கார்டு கிடையாது. படம் காட்டுகிற வேலையை ப்ராசஸரே செய்கிறது. இன்டெல்லோடு என்விடியா ஜிஃபோர்ஸ் அல்லது ஏஎம்டி ரேடியான் என்று இரண்டாவது பெயர் இருந்தால் தனிச் சிப் உண்டு. ஏஎம்டி ப்ராசஸர் உள்ள லேப்டாப்பில் ரேடியான் என்று ஒரே பெயர் வந்தால், அதுவும் பெரும்பாலும் ப்ராசஸருக்குள் இருப்பதுதான்.

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். நம் தாலுக்காவில் இன்னும் பல வீட்டில் அந்த லேப்டாப்தான் ஓடுகிறது. படிப்புக்கென்று கொடுத்த அந்த மாதிரி லேப்டாப்களில் பொதுவாகத் தனி கிராபிக்ஸ் சிப் இருக்காது. அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகும்போது "கார்டு மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "எந்தக் கார்டுண்ணா? டிவைஸ் மேனேஜர்ல இன்டெல் மட்டும்தானே காட்டுது?" என்று தைரியமாகக் கேள்.

தனிச் சிப் இருந்தாலும் அதைக் கையால் கழற்றி மாற்ற முடியாது. விலையுயர்ந்த சில வொர்க்ஸ்டேஷன், கேமிங் மாடல்களில்தான் கழற்றிப் போடும் கார்டு உண்டு. மற்ற எல்லாவற்றிலும் அது மதர்போர்டோடு சால்டர் செய்த சிப்.

3. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

கோடு தெரிந்தால் சிப்தான் காரணம் என்று முடிவு கட்டாதே. திரை, திரைக்குப் போகும் கேபிள், ரேம், டிரைவர் என்று நான்கு பேர் மேலும் சந்தேகம் உண்டு. ஒவ்வொன்றாகக் கழித்துவிடலாம்.

* டிவி சோதனை: எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்து, விண்டோஸ் கீயோடு பி (P) அழுத்தி டூப்ளிகேட்டைத் தேர்ந்தெடு. இலவச கலர் டிவி காலத்துப் பெட்டியில் எச்டிஎம்ஐ இருக்காது, ஃப்ளாட் டிவி வேண்டும். டிவியில் படம் சுத்தமாக இருந்து லேப்டாப்பில் மட்டும் கோடு என்றால் திரையோ கேபிளோதான் கெட்டிருக்க வாய்ப்பு. இரண்டிலும் ஒரே கோடு என்றால் சிப், ரேம், டிரைவர் பக்கம் போ. சில கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை தனிச் சிப்போடு மட்டும் இணைந்திருக்கும். அங்கே லேப்டாப் திரை நன்றாக இருந்து டிவியில் மட்டும் கோளாறு வந்தால் தனிச் சிப்பைச் சந்தேகப்படு.

* மூடியை அசைக்கும் சோதனை: மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது கோடு வந்து வந்து மறைந்தால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள்தான் காரணமாக இருக்கும். அது சின்ன செலவு.

* ஸ்க்ரீன்ஷாட் சோதனை: கோடு தெரியும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பார். போனிலும் கோடு தெரிந்தால் கோளாறு படத்தை உருவாக்கும் இடத்தில், அதாவது சிப்பிலோ ரேமிலோ டிரைவரிலோ இருக்கிறது. போனில் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் திரை அல்லது கேபிள்.

* டார்ச் சோதனை: திரை முழுக்க இருட்டாக இருந்தால், போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் மட்டும் போயிருக்கிறது.

* பயாஸ் சோதனை: ஆன் செய்யும்போதே எஃப்2 அல்லது டெலிட் கீ அழுத்தி பயாஸ் பக்கத்துக்குப் போ. எந்தக் கீ என்பது பிராண்டுக்கு ஏற்ப மாறும். அங்கேயும் கோடு இருந்தால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை, ஹார்டுவேர் கோளாறு. அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸ் வந்ததும் கெட்டால் டிரைவரைப் பார்.

* ரேம் சோதனை: தனிச் சிப் இல்லாத லேப்டாப்பில் படத்துக்கும் சாதாரண ரேம்தான் பயன்படுகிறது. ரேம் கால்களில் அழுக்கு ஏறினாலும் கோடும் கறுப்புத் திரையும் வரும். சார்ஜரைக் கழற்று, பேட்டரியையும் கழற்ற முடிந்தால் கழற்று, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடி. பிறகு ரேமை எடுத்து, பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு இறுக்கமாகப் போடு. உன்னால் முடியாவிட்டால் கடையில் சொல்லிச் செய்யலாம், ஆனால் "முதல்ல ரேம் க்ளீன் பண்ணிப் பாருங்கண்ணா" என்று நீதான் சொல்ல வேண்டும்.

4. டிரைவருக்கு ஒரு வாய்ப்பு

திரை உறைந்துபோனால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்து. டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை போகாது. அடிக்கடி இப்படி ஆனால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போ. அங்கே மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர்தான் வேலை செய்யும். ஒரு மணி நேரம் கோளாறு இல்லாமல் ஓடினால் டிரைவரை நீக்கிவிட்டு, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உன் மாடலுக்கென்று இருக்கும் டிரைவரைப் போடு. பழைய லேப்டாப்புக்குப் புத்தம் புது டிரைவரைவிட அந்தப் பழைய டிரைவர் நன்றாக ஒத்துப்போகும். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வருகிற எதையும் தொடாதே.

5. சூட்டைக் குறை

சிப்பைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிற ஓயாத சுற்று. நம் ஊரில் சித்திரை மத்தியானம் ஷீட் போட்ட வீட்டுக்குள் உட்கார்ந்து வீடியோ எடிட் செய்தால் சிப்புக்கு மூச்சே கிடைக்காது. கடலை அடிக்கிற நாட்களில் பறக்கும் தூசியும் சாம்பிராணிப் புகையின் பிசுக்கும் சேர்ந்து ஃபேன் வாயில் கம்பளி மாதிரி படிந்துவிடும்.

லேப்டாப்பை மெத்தையிலும் மடியிலும் வைக்காதே. பின்பக்கம் இரண்டு கட்டைத் துண்டு வைத்து உயர்த்து. ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் அதிவேகமாகச் சுழன்று பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட் இறுகிக் காய்ந்திருந்தால் புதிது போடச் சொல். பக்கத்தில் உள்ள மெமரி சிப்களின் மேல் பஞ்சு போன்ற தெர்மல் பேட் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேஸ்ட் தடவினால் இடைவெளி விழுந்து இன்னும் சூடாகும். அதே தடிமனில் பேட்தான் போட வேண்டும். கடையில் நிற்கும்போது இதைக் கவனி.

காசே செலவில்லாத ஒன்றும் உண்டு. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்டில் மாக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக மாற்று. பல லேப்டாப்களில் ப்ராசஸர் தன் கூடுதல் வேகத்தை நிறுத்திக்கொள்ளும், சூடு கண்கூடாகக் குறையும். பல லேப்டாப்களில் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஒரே செம்புக் குழாய்தான் சூட்டை வெளியே கொண்டுபோகிறது என்பதால், ஒன்று ஆறினால் மற்றதும் ஆறும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து, ராஜகிரி ஏறி ரீல்ஸ் எடுக்காத பிள்ளை நம் பக்கம் குறைவு. அதை இந்த நோயாளி லேப்டாப்பில் எடிட் செய்யாதே, போனிலேயே செய். ப்ரௌசர் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டால் கிராபிக்ஸ் சிப்பின் வேலை இன்னும் குறையும்.

6. கெட்ட சிப்பை ஓரங்கட்டு

டிவைஸ் மேனேஜரில் இரண்டு பெயர் இருந்தவர்களுக்கு இதுதான் நல்ல செய்தி. என்விடியா அல்லது ரேடியான் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடு. எல்லா வேலையையும் இன்டெல் ஏற்றுக்கொள்ளும். டைப்பிங், ஆன்லைன் வகுப்பு, யூடியூப், இ-சேவை விண்ணப்பம், டேலி எதற்கும் தனிச் சிப் தேவையில்லை. கேம் மட்டும் போகும். சில மாடல்களில் பயாஸிலேயே தனிச் சிப்பை நிறுத்தும் வசதி இருக்கும், கிடைத்தால் அது இன்னும் உறுதி. இந்த ஒரு கிளிக்கில் ஒன்றிரண்டு வருஷம் கூடுதலாக ஓடிய லேப்டாப்கள் உண்டு.

தனிச் சிப் மட்டுமே படம் காட்டுகிற பழைய மாடல்களில் இந்த வழி இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் அடுத்த டிப்ஸைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

7. "ஹீட் அடிச்சா சரியாயிடும்" என்பதை நம்பாதே

ஹாட் ஏர் கன்னால் சிப்பைச் சூடாக்கினால் செத்த திரை உயிர் பெறுவது உண்மைதான். ஆனால் அது ரிப்பேர் இல்லை. சிப் என்று நாம் பார்ப்பது இரண்டு அடுக்கு: மேலே சிலிக்கான் துண்டு, கீழே அது உட்கார்ந்திருக்கும் பலகை. இரண்டையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சால்டர் புள்ளிகள் இணைக்கின்றன. அந்தப் பலகை மதர்போர்டோடு சேர்வது அதைவிடப் பெரிய சால்டர் உருண்டைகளால். சூடாகி ஆறும்போது இரண்டு அடுக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் உள்ளே இருக்கும் நுண்புள்ளிகளில் விரிசல் விழும். ஹீட் அடித்தால் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில நாளோ சில வாரமோ கழித்து மறுபடி விடும்.

இது பெரிய நிறுவனங்களையே ஆட்டிவைத்த கோளாறு. லேப்டாப்களுக்குப் போன தன் சிப்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கெடுவதாகவும், சிப்பைப் பலகையோடு சேர்க்கும் பொருளில் பலவீனம் இருப்பதாகவும் 2008 ஜூலையில் என்விடியாவே அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. எச்பி, டெல், ஆப்பிள் மூன்றின் லேப்டாப்களும் அதில் மாட்டின. 2011 மேக்புக் ப்ரோவின் ஏஎம்டி சிப்களில் இதே மாதிரி படக் கோளாறு வந்து, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவச ரிப்பேர் திட்டம் அறிவித்தது. குறை சிப்புக்குள்ளேயே இருக்கும்போது, ரீபால் என்ற பெயரில் வெளி உருண்டைகளை மட்டும் புதுப்பித்து அதே பழைய சிப்பை மறுபடி ஒட்டினாலும் பெரிய பலன் இல்லை. புதுச் சிப் போட்டால்தான் நிற்கும்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "ஹீட் அடிக்கிறீங்களா, ரீபாலா, புதுச் சிப்பாண்ணா?" புதுச் சிப் என்றால் சிப் எண்ணையும் மூன்று மாத வாரண்டியையும் பில்லில் எழுதித் தரச் சொல். ஹீட் மட்டும்தான் என்றால், ஃபைல் எடுப்பதற்காகத் தவிர அதற்குக் காசு கொடுக்காதே. உன் மாடலில் தனிச் சிப் இல்லாத மதர்போர்டும் வந்திருக்கிறதா என்றும் கேள். கிடைத்தால் சிப் மாற்றுவதைவிட நீடித்து உழைக்கும், ஆனால் ஹீட் சிங்க் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

யூடியூபில் மதர்போர்டை ஓவனில் வைத்துச் சுடுகிற வீடியோக்கள் உண்டு. சமைக்கிற அடுப்பில் அந்த நஞ்சுப் புகை வேண்டவே வேண்டாம்.

8. கடைக்குப் போகும் நாளும் போகும் விதமும்

அமாவாசையன்று கிளம்பாதே! அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கவே இடமிருக்காது, லேப்டாப் நசுங்கும். மாசி மயானக் கொள்ளை, தேர் நாட்களும் அப்படித்தான்.

கேபிள், ரேம், பேஸ்ட் வேலைகளுக்குச் செஞ்சியே போதும். சிப் மாற்றும் வேலைக்கு அதற்கான மெஷின் வைத்திருக்கும் கடை வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி, கடைசியாகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என்று போனில் விசாரித்துவிட்டுப் போ. "பார்க்கிறதுக்கு எவ்வளவு, செய்யாம திருப்பி வாங்கினா எவ்வளவு" என்று முன்கூட்டியே கேள்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடு. சிப் சோதிக்க டிஸ்க் தேவையில்லை, கடையிலேயே சோதனை டிஸ்க் இருக்கும். பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காதே. ரேம் அளவு, சீரியல் எண், அடிப்பக்கம் எல்லாம் போட்டோ எடுத்து வை. பில் தர மறுத்தாலோ வாரண்டியை மதிக்காவிட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

9. போதும் என்று விடுவது எப்போது?

என் கணக்கு எளிது. ரிப்பேர் தொகை, நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் செய்யாதே. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. அப்படிப்பட்ட லேப்டாப்பில் பெரிய தொகை போட்டுச் சிப் மாற்றுவது வீண். தனிச் சிப்பை நிறுத்திவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டால் படிப்புக்கும் டைப்பிங்குக்கும் நன்றாகவே ஓடும், தமிழ்99 கீபோர்டும் அதில் உண்டு.

திரை மட்டும் போன லேப்டாப்பைத் தூக்கி எறியாதே. பழைய மானிட்டரோடு இணைத்துக் கம்ப்யூட்டராக வைத்துக்கொள். சிப்பே போனதென்றால் எஸ்எஸ்டி, ரேம், சார்ஜர், நல்ல நிலையில் உள்ள திரை ஆகியவற்றைக் கழற்றி விற்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜும் போடாதே. மிச்சத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் சேர்க்கும் கடையில் கொடு.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால் நேரில் அரை மணி நேரம் முழுத்திரையில் வீடியோ ஓட விடு, டிவியில் இணைத்துப் பார், மூடியை அசைத்துப் பார், ஃபேன் வாயில் கை வைத்துப் பார். உன் தேவை படிப்பு மட்டும் என்றால் தனி கிராபிக்ஸ் இல்லாத ஆபீஸ் மாடலையே கேட்டு வாங்கு. இல்லாத சிப் கெடாது, அதற்கு நீ காசும் கொடுக்க வேண்டாம்.